வெற்று அறையின் ஒரு நிமிடம்

ஏப்ரல் 4, வியாழன்

இல்லை அக்கா, நான் யாரிடமும் சொல்லவில்லை.

உன் அட்டையில் முகவரியும் அந்த ஒரு கேள்வியும் மட்டும் இருந்தன. யாரிடம் சொன்னாய். கேள்விக்குறிகூட இல்லை. அதனால் பதிலை முதல் வரியிலேயே வைத்துவிட்டேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். மார்ச் இருபதாம் தேதி எங்கள் வானொலியின் புதன்கிழமைப் பேச்சில் காசநோய். நிலையத்தில் என்னுடன் ஒரு மருத்துவர், தொலைபேசியில் நம் பகுதி மக்கள். நடுவே நான்கு நிமிடம், சிகிச்சையில் இருக்கும் ஒரு பெண்ணின் வார்த்தைகள். உன் வார்த்தைகள்தான், ஆனால் உன் குரல் இல்லை. அடையாளம் தெரிய வேண்டாம் என்பவர்களின் பேச்சை வேறொருவர் வாசிப்பது எங்கள் வழக்கம். ஊர் நூலகர் வாசித்தார். நீ யாரென்று அவருக்குத் தெரியாது. தாளில் பெயர் இல்லை. தெரு இல்லை. தையல் என்ற சொல்லைக்கூட அடித்துவிட்டு, 'ஒரு தொழிற்கூடம்' என்று எழுதியிருந்தேன். மூன்று முறை சரிபார்த்தேன்.

பத்து நாள் கழித்து உன் வீட்டுக்கு வந்தால் பூட்டு. உள்ளிருந்து புதுப் பெயின்ட் வாசம். "அவங்களாத்தான் காலி பண்ணாங்க, நாங்க ஒண்ணும் சொல்லல" என்றார் வீட்டுக்காரம்மா. நான் எதுவும் கேட்பதற்கு முன்பே.

உன் எண்ணைத் தினமும் அழைக்கிறேன். அணைந்து கிடக்கிறது.

மாத்திரைகளை எடுத்துக்கொண்டு போனாயா? இன்று தொண்ணூறாவது நாள். சரியாகப் பாதி. அம்மாவுக்கு வந்த இதே நோயை ஆஸ்துமா என்றே கடைசிவரை சொன்னோம். உனக்காவது அதன் பெயரைச் சொல்லி வைத்தியம் நடந்தது. பாதியில் விட்டுவிடாதே.

தங்கை


ஏப்ரல் 11

வாயாடிக்கு,

நீ கூப்பிடக் கூடாது என்றுதான் போனை அணைத்தேன். உன் குரல் கேட்டால் இளகிவிடுவேன். ஊரையே பேசவைக்கிற குரல், என்னை விடுமா. எழுது. கடிதமென்றால் ஒருமுறை படித்துவிட்டு, இன்னொரு முறை படித்து நிதானமாகக் கோபப்படலாம்.

நீ யாரிடமும் சொல்லவில்லை. சரி, நம்புகிறேன். நம் வாசல் கேட் சொன்னது.

புரியவில்லையா. நம் மாடிப்படியில் புதன் நாலு மணிக்கு எல்லார் வீட்டிலும் உன் நிகழ்ச்சிதான் ஓடும். இரண்டாம் மாடித் தையல்காரியின் தங்கச்சி பேசுகிறாள் என்று ஒரு பெருமை அவர்களுக்கு. அன்றைக்கு நான் வாளியோடு குழாயடியில் நின்றிருந்தேன். நூலகர் ஆரம்பித்தார். நல்ல குரல், குறை சொல்ல முடியாது. அவர் பேச்சுக்குக் கீழே ஒரு சத்தம். முதலில் சிமெண்டில் இழுபடும், நடுவில் நிற்கும், அப்புறம் கீச்சென்று கத்தும். வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார்.

"ஏய், இது நம்ம கேட்டுடி."

முதல் மாடி டிரைவர் சும்மா இருப்பாரா. "நம்ம கேட்டுக்கே ரேடியோவுல சான்ஸ் கெடச்சிருச்சு, முப்பது வருஷமா பாடுறேன், என்னை ஒருத்தரும் கூப்பிடல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதைத்தான் மறக்க முடியவில்லை. நூலகர் வாசித்துக்கொண்டே போனார். நாலு மாத இருமல், சாதாரணச் சளி என்று நினைத்தது, எடை குறைந்தது. ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். அப்புறம் எல்லாரும் குழாயடியைப் பார்த்தார்கள். நம் கேட்டுக்குள் நாலு மாதம் இருமியது யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பா வேண்டும்.

மறுநாள் நான் பிடித்த பிறகு குழாயைக் கழுவினார்கள். வேலைக்கூடத்தில் என் மிஷினை ஜன்னல் பக்கம் நகர்த்தி, அப்புறம் வாசல் பக்கம் நகர்த்தி, அப்புறம் 'கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க' என்றார்கள். வீட்டுக்காரம்மா, "உங்களைப் போகச் சொல்லலம்மா, ரூமுக்குப் பெயின்ட் அடிக்கணும், அவ்வளவுதான்" என்றார். எந்த நிறம் என்று கேட்டேன். யோசிக்கவேயில்லை போலிருக்கிறது, பாவம், திணறிப்போனார்.

கேட் உன் ரேடியோவுக்குள் எப்படி வந்தது? இந்தத் தடவை கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 15, திங்கள்

அக்கா,

நான்தான் எடுத்துப் போனேன்.

அன்று உன் அறையில் பேசி முடித்ததும் நீ துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனாய். நான் ஒலிப்பதிவுக் கருவியை அணைக்கவில்லை. யாரும் பேசாத அறையை ஒரு நிமிடம் பதிவு செய்தேன். எங்கள் எல்லோருக்கும் முதல் நாளே கற்றுக்கொடுப்பது அது. ஒவ்வோர் அறைக்கும் ஒரு மௌனம் உண்டு, அதையும் எடுத்து வா, வெட்டி ஒட்டும் இடங்களில் நிரப்ப உதவும் என்பார்கள். கையே செய்துவிடும், யோசிக்க வேண்டியதில்லை.

நூலகர் வாசித்தது சுவரில் பஞ்சு ஒட்டிய எங்கள் ஒலிப்பதிவு அறையில். கேட்டால் அலமாரிக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது. உயிரில்லை. உன் அறையின் அந்த ஒரு நிமிடத்தை அடியில் விரித்தேன், நாலு நிமிடத்துக்கும் திரும்பத் திரும்ப. உடனே ஒரு வீடு வந்துவிட்டது. நன்றாக இருந்தது அக்கா. அதைத்தான் சொல்ல முடியாமல் மூன்று நாளாக இந்தத் தாளை வைத்துக்கொண்டிருக்கிறேன். அழகாக இருந்தது என்று நினைத்தேன்.

ஐந்து வருடம் அந்தக் கேட்டைத் தள்ளிக்கொண்டுதான் உன்னைப் பார்க்க வந்திருக்கிறேன். பதிவை முப்பது முறையாவது கேட்டிருப்பேன். ஒருமுறைகூட அதற்குள் கேட் திறக்கும் சத்தம் என் காதில் படவில்லை. பின்னணி, அவ்வளவுதான்.

வார்த்தைகளை மட்டும் காவல் காத்தேன்.

நிலைய மேலாளரிடம் பேசிவிட்டேன். மே முதல் புதனன்று நிகழ்ச்சியிலேயே மன்னிப்புக் கேட்கிறேன். பெயர் சொல்லாமல். என் தவறு என்று. அந்த மாடிப்படியில் எல்லோருக்கும் கேட்க வேண்டும்.

உன் கட்டிலின் ஓரத்தில், நான் சாய்ந்திருந்த தலையணையில், என் முடிக்கிளிப் ஒன்று கிடந்திருக்குமே. அதையும் கட்டி எடுத்துப் போனாயா என்று ஏனோ நினைத்துக்கொண்டேன்.

தங்கை


ஏப்ரல் 22

வாயாடிக்கு,

மன்னிப்புக் கேட்கவும் உனக்கு மைக் வேண்டுமா?

கேட்காதே. பெயர் சொல்லாமல் கேட்பாய், அது யாருக்கென்று மாடிப்படிக்கே தெரியும். அடங்கிய பேச்சை மறுபடி கிளப்பிவிடுவாய். உன் மனசு லேசாகும், என் கதை இன்னொரு தெருவுக்குப் போகும். எனக்கு எழுது, போதும்.

இன்னொன்று. நீ என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஒத்துக்கொள்கிறேன். அம்மா வாயைத் திறக்காமல் போனதற்கு, என் வாயால் அம்மாவைப் பேசவைக்கப் பார்த்தாய், அதுவும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் பேசப் பேச எனக்கு நன்றாக இருந்தது. மூன்று மாதமாக ஒருத்தரிடமும் சொல்லாததை, எதிரில் உட்கார்ந்து நீ தலையாட்டத் தலையாட்ட, கொட்டிவிட்டேன். நன்றாக இருந்ததே என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இங்கே பள்ளிச் சீருடை தைக்கிற இடத்தில் வேலை. எனக்குக் காலர் மட்டும். ஒரு நாளைக்கு எத்தனை காலர் என்று கேட்காதே, கனவில் கழுத்தில்லாத பிள்ளைகள் வருகிறார்கள். பெண்கள் விடுதியில் நாலு பேருக்கு ஓர் அறை. மாத்திரைகளைப் பொத்தான் டப்பாவில் வைத்திருக்கிறேன். குளியலறையில் போட்டுக்கொள்கிறேன். இருபத்தெட்டாம் தேதி வரை இருக்கிறது.

அதற்கப்புறம் என்ன என்று கேட்பாய். இங்குள்ள அரசு மருந்தகம் கடைத்தெரு முனையில். வரிசை உள்ளே இல்லை, தெருவில் நிற்கிறது. தலைக்கு மேலே பெரிய எழுத்தில் பலகை, எதற்கான வரிசை என்று. எங்கள் மேற்பார்வையாளர் அதே தெருவில்தான் டீ குடிக்க வருவார். இரண்டு முறை போனேன், இரண்டு முறையும் எதிர்க்கடையில் நூல்கண்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது ஆறு நிறத்தில் நூல் இருக்கிறது.

இங்கே ஒரு சின்ன ரேடியோ வாங்கினேன். உன் நிலையம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டாது என்று எனக்குத் தெரியாதா. தெரியும். இருந்தாலும் புதன் நாலு மணிக்கு, மிஷினை நிறுத்திவிட்டு, அந்த எண்ணில் வைக்கிறேன். இரைச்சல்தான் வருகிறது. ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு அணைத்துவிடுகிறேன்.

கிளிப் என்னிடம்தான் இருக்கிறது.

அக்கா


மே 2, வியாழன்

அக்கா,

இருபத்தெட்டு போய் நான்கு நாளாகிறது. போனாயா?

நேற்றுப் பேச்சில் காற்றோட்டம். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள் என்று மருத்துவர் பத்து நிமிடம் விளக்கினார். ஒரு நடத்துநர் தொலைபேசியில் வந்தார். "டாக்டர், ஜன்னலைத் திறந்தா சாக்கடை, மூடினா புழுக்கம். ரெண்டுல எதுல போகட்டும், நீங்களே சொல்லிடுங்க." மருத்துவர் சிரித்துவிட்டார். அடுத்த வாரம் சாக்கடைக்குப் பொறுப்பான அதிகாரியைக் கூப்பிட்டிருக்கிறோம். வருவதாகச் சொல்கிறார். வரமாட்டார்.

மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை.

நான்கு மணிக்கு ஒலிவாங்கியின் சிவப்பு விளக்கு எரியும்போது, எவ்வளவு தூரம் போகும் என்று இப்போதெல்லாம் யோசிக்கிறேன். முன்பு யோசித்ததில்லை. ஆற்றுப்பாலத்தோடு நான் முடிந்துபோகிறேன். அதற்கப்பால் நீ.

போனாயா?

தங்கை


மே 9, வியாழன்

அக்கா,

உன் பதில் வரவில்லை. ஆகவே போகவில்லை.

நேற்று உன் பழைய மருந்தகத்துக்குப் போனேன். உனக்குத் தெரிந்த அதே நர்ஸ், கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுத் தேடுகிறவர்.

"உங்கக்கா எங்கம்மா? கார்டு இங்க தூங்குது."

"ஊருக்குப் போயிருக்கா."

"எந்த ஊருக்கு?"

"தெரியாது."

கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "புதனுக்குப் புதன் ஊருக்கெல்லாம் சொல்ற, மருந்தை நடுவுல விடாதீங்கன்னு. வீட்டுல சொல்ல மாட்டியா?"

சொல்லத் தெரியவில்லை என்று அவரிடம் சொல்லவில்லை. நாள் கூடக்கூட மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்றார். அதைவிட மோசம், நோய் திரும்பி வரும்போது இதே மாத்திரைகள் கேட்காமல் போகலாம் என்றார். முகவரி கொடுத்தால் அந்த ஊர் மருந்தகத்துக்கு அன்றே தகவல் அனுப்புவார்கள். அங்கிருந்து ஒருவர் உன்னைத் தேடி வருவார்.

விடுதி வாசலில் யாரோ உன் நோயின் பெயரை உரக்கக் கேட்பதை நினைத்துப் பார்த்தேன். நான்கு பேர் அறை. குழாயடி. மறுபடியும்.

அம்மாவின் கடைசி மாதத்தையும் நினைத்துப் பார்த்தேன்.

இதை எந்தப் பக்கம் திருப்பினாலும் உனக்குத் துரோகமாகத்தான் வருகிறது. அதனால் ஒன்று மட்டும் வேறுமாதிரி செய்கிறேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதம் சனிக்கிழமை உன் கையில் இருக்கும். திங்கள் காலை பத்து மணிக்கு உன் முகவரியை நர்ஸிடம் கொடுப்பேன். அதற்குள் நீயே போய்ப் பதிந்துகொள்ளலாம். அல்லது அங்கிருந்தும் போய்விடலாம். போய்விட்டால் எனக்கு எழுதமாட்டாய் என்று தெரியும்.

தெரிந்துதான் கொடுக்கிறேன்.

தங்கை


ஜூன் 6

வாயாடிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமையே வந்தது. படித்ததும் பையை எடுத்துக் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை பேருந்து நிலையத்துக்குப் போய் எல்லாப் பலகையையும் படித்தேன். எத்தனை ஊர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு விடுதி இருக்கும், ஒரு குளியலறை இருக்கும். இருமல் திரும்ப ஆரம்பித்திருந்தது, லேசாகத்தான், தூசி என்று சொல்லிக்கொண்டேன். அம்மாவும் தூசி என்றுதான் சொல்வாள். அது ஞாபகம் வந்ததும் எனக்கு உன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பையோடு திரும்பி வந்துவிட்டேன்.

திங்கள் யாரும் வரவில்லை. செவ்வாய் மாலை, விடுதி வாசலில் ஒரு பெரிய தொண்டை.

"துணி தைக்கிற அம்மா இருக்காங்களா? அளவு குடுக்கணும்."

குட்டையாக ஒருத்தி, கையில் துணிப்பை, காலில் தேய்ந்த செருப்பு. மருந்தகத்து ஆள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அறையில் ஆள் இல்லை. கதவைச் சாத்தினாள். அளவு நாடாவை எடுங்கள் என்றாள். எடுத்தேன். தோளை அளக்கும்போது மெல்லிய குரலில், "கார்டு வந்திருச்சு. பதினாறு நாள் விட்டிருக்கீங்க. கையை இறக்கட்டுமா?"

"இருங்க, இன்னும் முடியல" என்றேன். முழுக்கை வரை அளந்தேன். இரண்டு முறை அளந்தேன்.

பைக்குள் துணிக்கு அடியில் மாத்திரைகள். மறுநாள் அவளே என்னை மருந்தகத்தின் பின்வாசல் வழியாகக் கூட்டிப்போய்ச் சளியைப் பரிசோதனைக்குக் கொடுக்க வைத்தாள். முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட நாட்களைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

வாரத்துக்கு ஒருமுறை வருகிறாள். இங்கே அவளுக்கு அளவுக்காரி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இப்படி வருவது நீ சொன்ன யோசனையா என்று அவளிடம் கேட்டேன். "எந்த யோசனை? எனக்கு நெஜமாவே சட்டை வேணும்" என்றாள். நிஜம்தான். பாக்கெட்டை மூன்று முறை பிரிக்க வைத்தாள். அவள் உடம்பில் ஒரு துணியை உட்காரவைப்பதற்குள் என் நோய் தீர்ந்துவிடும்.

உன்மேல் இன்னும் கோபம்தான். கொடுக்காமல் இருந்திருந்தால் இதைவிட அதிகமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அது வேறு கோபம்.

அக்கா


ஜூன் 10, திங்கள்

அக்கா,

யோசனை என்னுடையது இல்லை. நர்ஸிடம் முகவரியைக் கொடுக்கும்போது இரண்டு விஷயம் சொன்னேன். போன முறை அக்கம்பக்கத்துக்குத் தெரிந்ததால்தான் ஓடிப்போனாள். அவள் தையல்காரி. அவ்வளவுதான். அவர் எழுதிக்கொண்டார். அந்த ஊரில் யாரோ அதைப் படித்துவிட்டு, ஒரு துணிப்பையைத் தேடி எடுத்திருக்கிறார். நான் நான்கு வருடமாக மக்களிடம் பேசுகிறேன். எனக்கு அது தோன்றவில்லை.

இங்கே ஒரு மாற்றம். அடையாளம் வேண்டாம் என்கிறவர்களிடம், ஒலிபரப்புவதற்கு முன் முழுப் பதிவையும் எடுத்துப்போய்ப் போட்டுக் காட்டுகிறோம். சென்ற வாரம் ஒரு துப்புரவுப் பணியாளர் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, அந்த நாயை எடுத்துருங்க. அது என் நாய்னு மேஸ்திரிக்குத் தெரியும்" என்றார். எனக்கு நாயே கேட்டிருக்கவில்லை. எடுத்துவிட்டோம். நிகழ்ச்சி முன்புபோல் அழகாக இல்லை. பரவாயில்லை.

பேருந்தில் ஐந்து மணி நேரம் என்று விசாரித்துவிட்டேன்.

நான் வரட்டுமா? வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். பேசக்கூட வேண்டாம். உன் கை நகத்தில் சுண்ணக்கட்டி ஒட்டியிருக்கும், அதைப் பார்த்தால் போதும்.

தங்கை


ஜூலை 22

வாயாடிக்கு,

ஆறு வாரமாகப் பதில் எழுதவில்லை. நீயும் விடாமல் வாரம் ஓர் அட்டை போட்டுக்கொண்டிருந்தாய். எல்லாம் வந்தன. அதிகாரி ஒருவழியாக வந்து, சாக்கடையைப் பற்றிக் கேட்டதற்குப் பூங்காவைப் பற்றிப் பதில் சொன்னார் என்ற அட்டையை அறைத்தோழிகளுக்கு வாசித்துக் காட்டினேன். யார் எழுதியது என்று கேட்டார்கள். தெரிந்த பெண் என்றேன். எழுதாததற்குக் காரணம் அதுதான். உன்னை என்னவென்று சொல்வது என்று எனக்கே தெளிவாகவில்லை.

சனிக்கிழமையோடு மாத்திரை முடிந்தது. கடைசிப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. அளவுக்காரி அதைச் சொல்லிவிட்டு, புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். தோளில் ஒரு சுருக்கம். நான் சொல்லவில்லை.

கடைசி நாள் மாத்திரைகளைக் குளியலறைக்கு எடுத்துப் போகவில்லை. அறையிலேயே, கட்டிலில் உட்கார்ந்து போட்டுக்கொண்டேன். என்ன மாத்திரை என்று ஒருத்தி கேட்டாள். பெயரைச் சொன்னேன். அவள், "எங்க சித்தப்பாவுக்கும் இருந்துச்சு, இப்ப மனுஷன் ஓடுறான்" என்றாள். இன்னொருத்தி மறுநாள் தன் துண்டை வேறு கொடியில் மாற்றிப் போட்டாள். மூன்றாமவள் இஸ்திரிப் பெட்டி எங்கே என்று கேட்டாள். மூன்று பேரில் ஒருத்திதான் துண்டை மாற்றினாள். நான் எதிர்பார்த்தது மூன்று.

அங்கே திரும்பி வரமாட்டேன். அதைக் கேட்காதே. அந்தப் படிகளில் இனி ஏற முடியாது, ஏறினால் யார் யார் கதவு பாதி திறக்கிறது என்று பார்த்துக்கொண்டே ஏறுவேன். இங்கே காலரிலிருந்து கைக்கு மாற்றியிருக்கிறார்கள். இனிமேல் கனவில் யாருக்குக் கை இல்லையோ தெரியாது.

உன் குரலை நினைத்துக்கொண்டேதான் இருக்கிறேன். கேட்டு நாலு மாதத்துக்கு மேலாகிறது.

விடுதியில் சேர்ந்தபோது, உங்களைப் பார்க்க யார் யார் வரலாம் என்று வார்டன் கேட்டாள். ஒருத்தரும் இல்லை என்றேன். ஏட்டில் என் பக்கத்தில் ஒரு கோடு போட்டுவிட்டாள். பார்வையாளர் நேரம் ஞாயிறு மூன்றிலிருந்து ஐந்து, முன்கூடத்தில். ஏட்டில் இல்லாதவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இன்று காலை வார்டன் அறைக்குப் போய் அந்த ஏட்டைக் கேட்டு வாங்கினேன். கோட்டுக்குக் கீழே உன் பெயரை எழுதினேன். உறவு என்ற கட்டத்தில் தங்கை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு வேலைக்குப் போனேன்.

அக்கா